கோவிந்தம்மாவை விட்டு இருக்க முடியாத நாய்

வேலமேடு குப்பத்தில் ஏரிக்குள் இறங்கிக் கையால் இறால் பிடிக்கும் பெண்களில் முதலில் இறங்குகிறவளும் கடைசியில் கரை ஏறுகிறவளும் கோவிந்தம்மாதான். ஓலையால் பின்னிய பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் மண்டியிடுவாள். தண்ணீர் கழுத்துக்கு வரும். அப்படியே முட்டியால் நகர்ந்து, அடிச்சேற்றை இரண்டு கையாலும் தடவிக்கொண்டு போவாள். விரலில் ஏதாவது துடித்தால் அடுத்த நொடி அது பறிக்குள் கிடக்கும். பத்து வயதில் அம்மாவோடு இறங்கியவள். வாயில் பறி இருக்கும்போது பேச முடியாது. அந்தப் பழக்கமோ என்னவோ, கரையிலும் அவள் அதிகம் பேசுவதில்லை.

புருஷன் மாரி மஞ்சள் காமாலையில் போனபோது மகன் லோகேஷ் சின்னப் பையன். அவனை ஐ.டி.ஐ. வரைக்கும் படிக்கவைத்தாள். மீஞ்சூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. திவ்யாவைக் கட்டிவைத்தாள். கல்யாணம் ஆன கையோடு இரண்டு பேரும் மீஞ்சூரிலேயே வாடகை வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். போகும்போது, "நீயும் வந்துடும்மா" என்றான் லோகேஷ்.

"நான் வந்துட்டா ஏரிய யாரு பாத்துக்கிறது" என்றாள் கோவிந்தம்மா. அது வேடிக்கைக்குச் சொன்னது. ஆனாலும் அவளுக்கு வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை.

அந்த வருஷம் கார்த்திகையில் பெரிய புயல் அடித்தது. குப்பத்துச் சனங்களையெல்லாம் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். மழை விட்ட இரண்டாவது நாள், பள்ளிக்கூடச் சுவர் ஓரம் ஒரு பெட்டை நாய் செத்து மிதந்தது. குட்டிகளில் ஒன்றே ஒன்று பெஞ்சுக்கு அடியில் உயிரோடு இருந்தது. கண் சரியாகத் திறக்கவில்லை. கோவிந்தம்மா அதை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். பால் பவுடரைக் கரைத்துத் துணியில் நனைத்து வாயில் வைத்தாள். குட்டி பிழைத்தது. இடது இடுப்பில் ஏதோ அடி. அதனால் நடக்கும்போது உடம்பு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். "இன்னாக்கா இது, நண்டாட்டம் போகுது" என்று பக்கத்து வீட்டு அனிதா சிரித்தாள். அதுவே பெயராகிவிட்டது.

புயலுக்குப் பிறகு ஏரி ரொம்ப நாள் கலங்கிக் கிடந்தது. வேலை இல்லை. கோவிந்தம்மா வீட்டிலேயே இருந்தாள். குட்டி அவள் மடியில் தூங்கும், அவள் கால்மாட்டில் தின்னும், அவள் கொல்லைக்குப் போனால் கூடவே வரும். மகன் போன பிறகு அந்த வீட்டில் அவள் கூப்பிடுவதற்கென்று ஒரு பெயர் மறுபடியும் இருந்தது. "நண்டு, இங்க வா. நண்டு, அத்த வுடு." தன் குரலை இவ்வளவு தடவை ஒரு நாளில் கேட்டதே இல்லை என்று அவளுக்குத் தோன்றும்.

ஏரி தெளிந்து அவள் பறியை எடுத்துக்கொண்டு இறங்கிய முதல் நாள், நண்டு கரையில் நின்று கத்தியது. பிறகு தண்ணீரில் குதித்துவிட்டது. ஒற்றைக் காலை இழுத்துக்கொண்டு, மூக்கை மட்டும் மேலே வைத்து, வரிசையாக மண்டியிட்டிருந்த பெண்களுக்கு நடுவே நீந்தி வந்து அவள் தோளில் முன்கால்களைப் போட்டது. எல்லோரும் பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார்கள். கோவிந்தம்மாவும் சிரித்தாள்.

மறுநாளும் அப்படியே வந்தது. அதற்கு மறுநாள் யாரும் சிரிக்கவில்லை.

"அக்கா, உன் நண்டு வந்து சேத்தக் கலக்கி அல்லாத்தையும் ஓட்டிடுது. கட்டிப்போட்டுட்டு வாயேன்" என்றாள் அனிதா.

கட்டிப்போட்டாள். திரும்பி வந்தபோது கயிறு அறுந்து கிடந்தது. அடுத்த நாள் உள்ளே விட்டுத் தகரக் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்தபோது கதவின் கீழ் ஓரம் சுருண்டிருந்தது. தகரத்தில் ரத்தம். நண்டின் ஈறு கிழிந்து, முன்பல் ஒன்று உடைந்திருந்தது. அரிசிப் பானைக்குப் பக்கத்தில் மூத்திரம். அவளைப் பார்த்ததும் அது குழைந்து குழைந்து காலைச் சுற்றியது.

பின்தெரு வீரராகவன் வந்து வாசலில் நின்றார். ராத்திரியில் வலை விட்டு விடியலில் கரைக்கு வருகிற மனுஷன். "தோ பாரும்மா, நான் சண்டைக்கு வரல. பகல்லதான் நான் படுக்கணும். நீ அந்தாண்ட போனதிலேர்ந்து இது ஊளை வுட்டுகினே கீது. சாவு வுழுந்த வீடாட்டம். இன்னா பண்ணுவியோ பண்ணு."

அவர் போன பிறகு கோவிந்தம்மா துடைப்பத்தை எடுத்தாள். நாலு அடி விழுந்தது. நண்டு ஓடவில்லை. அடிக்கிற கையை நோக்கியே ஊர்ந்து வந்து, மல்லாந்து படுத்துத் தொண்டையைக் காட்டியது. துடைப்பம் கையிலேயே நின்றுவிட்டது.

ஈறு வீங்கிப் புழு வைக்கிற நிலைமைக்கு வந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் எலிசபெத் நாற்பது வயதுக்காரர். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்தவர். காயத்தைக் கழுவி ஊசி போட்டுவிட்டு, "எதைக் கடிச்சுது?" என்று கேட்டார்.

"கதவை, மேடம். நான் இல்லாத நேரத்துல எனுக்குக் கோவம் வரணும்னே பண்ணுது."

"நீங்க இருக்கும்போது எதையாவது கடிக்குமா?"

"இல்ல."

"கிளம்பறதுக்கு முன்னாடி என்ன பண்ணும்?"

கோவிந்தம்மா புயலில் குட்டி கிடைத்த கதையிலிருந்து ஆரம்பித்தாள். "நான் பறிய எடுத்தாலே நடுங்கும். முந்தானைய வரிஞ்சி கட்டினா வாசப்படில குறுக்கப் படுத்துக்கும். எச்சில் ஒழுகும்."

"அது கோவம் இல்லம்மா. பயம். நீங்க வெளில போனா திரும்பி வருவீங்கன்னு அதுக்குத் தெரியாது. தாய் செத்துக் கிடந்ததுலேர்ந்து உங்க கூடவே இருந்திருக்கு. ஒரு நாள்கூடத் தனியா இருந்து பழகல. திடீர்னு ஒரு நாள் நீங்க போயிட்டீங்க. வெள்ளத்துல விட்டுட்டுப் போன மாதிரிதான் அதுக்கு இருக்கும். அடிச்சா பயம் இன்னும் ஏறும்."

கோவிந்தம்மா துடைப்பத்தைப் பற்றிச் சொல்லவில்லை. டாக்டர் கேட்கவும் இல்லை.

"பழக்கலாம்" என்றார் டாக்டர். "பறிய எடுங்க, ஆனா போகாதீங்க. எடுத்துட்டு உக்காந்து வெங்காயம் உரிங்க. பறிய பாத்தா பயப்பட ஒண்ணுமில்லன்னு அதுக்குத் தோணுற வரைக்கும். அப்புறம் வெளில போய்க் கதவச் சாத்திட்டு உடனே வாங்க. அது பயப்பட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே வந்துடணும், அதுதான் முக்கியம். போகும்போது கொஞ்சக் கூடாது. வந்ததும் கட்டிப் பிடிக்கக் கூடாது. சும்மா போறீங்க, சும்மா வர்றீங்க. கொஞ்சம் கொஞ்சமா நேரத்தக் கூட்டுங்க. பழக்கி முடியற வரைக்கும் ரொம்ப நேரம் தனியா விடாதீங்க. ஏரிக்குப் போறப்ப யார்கிட்டயாவது விட்டுட்டுப் போங்க."

அப்படித்தான் ஆரம்பித்தது. குப்பமே வேடிக்கை பார்த்தது. கோவிந்தம்மா முந்தானையை வரிந்து கட்டுவாள், பறியை எடுப்பாள், உட்கார்ந்து மீன் ஆய்வாள். எழுந்து பறியை மாட்டுவாள், மறுபடி எடுப்பாள், அடுப்பைப் பற்றவைப்பாள். கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வருவாள், முருங்கை மரம் வரைக்கும் போவாள், திரும்புவாள். மறுபடியும் போவாள். "இன்னாக்கா, எதனா தொலைச்சிட்டியா?" என்று அனிதா கேட்டாள். ஏரிக்குப் போகிற நேரத்தில் அனிதாவின் மாமியார் காசியம்மாளிடம் நாயை விட்டாள். காசியம்மாள் வெற்றிலை இடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். ஒரு மனுஷ உடம்பு பக்கத்தில் இருந்ததால் நண்டு முனகுமே தவிரப் பைத்தியம் பிடித்ததுபோல் கத்துவதில்லை.

கொட்டாங்குச்சிக்குள் கருவாட்டுத் தலையைச் சோற்றோடு அடைத்துக் கொடுத்தால் அதை நக்கி எடுக்க நண்டுக்கு நேரம் பிடித்தது. அந்த நேரத்தில் அவள் முருங்கை மரத்தைத் தாண்டி, குழாயடி வரைக்கும் போய் வந்தாள். பிறகு கடை வரைக்கும். ஒரு நாள் கடையில் நின்று கதை கேட்டுவிட்டுத் திரும்பியபோது உள்ளே சத்தமே இல்லை. பயந்துபோய்க் கதவைத் திறந்தாள். அவளுடைய பழைய புடவைமேல் நண்டு தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

டாக்டர் சொன்னபடி கட்டிப் பிடிக்கவில்லை. உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தாள். அன்றைக்கு முழுக்க அவள் முகத்தில் ஒரு தெளிச்சி இருந்ததை அனிதா பார்த்தாள்.

சித்திரை வாக்கில் ஒரு நாள் ஏரிக்குப் போய், வழக்கமான நேரம் முழுவதும் இறால் பிடித்து, கரையேறித் தராசில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். நண்டு தனியாக இருந்தது, சும்மா இருந்தது. வீரராகவன் குழாயடியில் பார்த்து, "நாயி எங்க, வித்துட்டியா? சத்தமே காணும்" என்றார். அவருக்கு அது வேடிக்கை. கோவிந்தம்மாவுக்கு வாழ்க்கையில் யாரும் சொன்ன நல்ல வார்த்தைகளில் அதுவும் ஒன்று.

அதே சமயத்தில் அவள் காலில் வீக்கம் வர ஆரம்பித்திருந்தது. உப்புத் தண்ணீர் என்று விட்டுவிட்டாள். முகம் உப்பியது. தூக்கக் குறைவு என்று நினைத்தாள். ஆனி மாதத்தில் ஒரு காலை, ஏரிக்குள் மண்டியிட்டபடியே அவள் வாயிலிருந்து பறி நழுவியது. அனிதா திரும்பிப் பார்த்தபோது பறி மட்டும் மிதந்துகொண்டிருந்தது. சேற்றுக்குள் கை விட்டு, இறாலைத் தேடுவதுபோல் தேடி, தலைமுடியைப் பிடித்து அவளை மேலே இழுத்தார்கள்.

சென்னைப் பெரியாஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தான் லோகேஷ். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்றார்கள். இனிமேல் வாரத்துக்கு மூன்று தடவை மெஷினில் ரத்தத்தைச் சுத்தப்படுத்த வேண்டும். அந்த மெஷினின் ஊசியைக் குத்துவதற்காக இடது கையில் ரத்தக்குழாய்களை இணைத்து ஒரு ஆபரேஷன் செய்தார்கள். அந்தக் கையில் அழுக்குத் தண்ணீர் படக்கூடாது, அடிபடக்கூடாது, கனம் தூக்கக்கூடாது. "ஏரில எறங்கலாமா?" என்று கேட்டாள். நர்ஸ் லோகேஷைப் பார்த்தாள்.

பல வாரம் கழித்து அவள் குப்பத்துக்கு வந்தபோது நண்டு எலும்பும் தோலுமாக இருந்தது. அனிதா வீட்டில் கட்டியிருந்த இடத்தில் கழுத்து மயிர் உதிர்ந்து புண்ணாகியிருந்தது. முன்கால்களை நக்கி நக்கிச் சதை தெரிந்தது. "சோறு வெச்சா மோந்துட்டுத் திரும்பிக்குதுக்கா. நான் இன்னா பண்ணட்டும்" என்றாள் அனிதா. கோவிந்தம்மாவைப் பார்த்ததும் நண்டு குரைக்கவில்லை. நின்ற இடத்திலேயே மூத்திரம் விட்டுவிட்டு, நடுங்கிக்கொண்டு, பக்கவாட்டில் பக்கவாட்டில் நகர்ந்து வந்து அவள் புடவைக்குள் தலையை நுழைத்துக்கொண்டது.

கதவு, முருங்கை மரம், குழாயடி என்று பழக்கியதெல்லாம் போய்விட்டது. இப்போது அவள் எழுந்து நின்றாலே அதற்கு உதறல் எடுத்தது. ஏரி இல்லாததால் அவள் நாள் முழுக்க வீட்டில் இருந்தாள். அந்த நாட்களில் நண்டைப்போலச் சந்தோஷமான பிராணி ஊரிலேயே கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் குப்பத்துக்கே தெரியும்படி அது அழுதது. ஒரு தடவை மெஷினில் கிடந்துவிட்டுத் திரும்பும்போது, பொன்னேரியில் பஸ் மாறுகிற இடத்தில் அவள் மயங்கி விழுந்தாள். யாரோ சோடா வாங்கிக் கொடுத்து, போனில் லோகேஷைக் கூப்பிட்டார்கள்.

"போதும்மா" என்றான் அவன். கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னான். "மீஞ்சூர் வந்துடு. ட்ரெயின் ஏறினா ஆஸ்பத்திரி. திவ்யா கூட வருவா. எனுக்கு இருக்கிறது நீ ஒருத்திதான்."

"நண்டு?"

"அதையும் இட்னு வா. பாக்கலாம்."

இட்டுக்கொண்டு போனாள். மாடியில் ஒற்றை அறையும் சமையலறையும். கீழே வீட்டுக்காரர். கோவிந்தம்மா இருக்கிறவரை நண்டு கட்டிலுக்கு அடியில் சுருண்டு கிடந்தது. அவளும் திவ்யாவும் ரயிலுக்குக் கிளம்பிப் போன அன்றைக்கு அது ஜன்னல் கம்பியில் தலையைக் கொடுத்து மாட்டிக்கொண்டது. தெருவே கூடிவிட்டது. வீட்டுக்காரர் கம்பியை அறுக்க ஆளைக் கூப்பிட்டார். சாயங்காலம் மாடிக்கு வந்து, "தப்பா நெனச்சிக்காதீங்கம்மா. நாய் இருக்கட்டும்னா நீங்க வேற எடம் பாத்துக்குங்க" என்றார். அவரும் நல்ல மனுஷர்தான். திவ்யா அப்போது ஏழு மாத கர்ப்பம்.

நண்டோடு மறுபடியும் குப்பத்துக்கு வந்தாள் கோவிந்தம்மா. வந்ததும் நேரே டாக்டரிடம் போனாள். அனிதா வீட்டில் நாய் மெலிந்துபோனதையும், இனி மீஞ்சூரில்தான் இருந்தாக வேண்டும் என்பதையும் சொன்னாள்.

"மேடம், மொதல்லேர்ந்து பழக்கறேன். இந்தத் தபா இன்னும் நெதானமா பண்றேன். பகல் பூரா இருக்கப் பழக்கி, அப்புறம் ராத்திரி, அப்புறம் ஒரு வாரம்…"

டாக்டர் எலிசபெத் கையுறையைக் கழற்றினார். "நீங்க திரும்பி வருவீங்களா?"

கோவிந்தம்மா தன் இடது கையைப் பார்த்துக்கொண்டாள்.

"நான் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது, போனா வந்துடுவாங்கன்னு அதுக்குப் புரியவைக்கறதும்மா. அதனாலதான் அது நடந்துச்சு. நீங்க ஒவ்வொரு தடவையும் வந்தீங்க. வரமாட்டாங்கன்னு ஒரு நாயைப் பழக்கறதுக்கு எங்கிட்ட வைத்தியம் இல்ல. பொய் சொல்லிக் கொடுக்கற மாதிரி ஆயிடும்."

"அப்ப இன்னா பண்றது?"

"ஒட்டிக்க அதுக்கு இன்னொரு ஆள் வேணும். அனிதாதானே? சோறு அனிதா கையால போகணும். தூங்கறது அங்க. நடக்கக் கூட்டிட்டுப் போறது அவங்க. நீங்க அதே தெருவுல இருந்துகிட்டே ஒதுங்கிக்கணும். தொடாதீங்க, கூப்பிடாதீங்க. ஏன்னு அதுக்குப் புரியாது. கஷ்டமாத்தான் இருக்கும்."

"யாருக்கு மேடம்?"

டாக்டர் மேசைப் பக்கம் திரும்பினார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். பயத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும் என்றார். கொஞ்சம்தான் என்று இன்னொரு தடவையும் சொன்னார்.

ஐப்பசி முழுக்க அதுதான் வேலை. லோகேஷ் ஆஸ்பத்திரி நாட்களில் ஆட்டோ ஏற்பாடு செய்து கொடுத்தான், திவ்யாவுக்குப் பிரசவம் ஆகிறவரைதான் என்ற பேச்சோடு. அனிதா வீட்டுக்குள்ளிருந்து, "நண்டு, தோ, தோ" என்று கூப்பிட்டாள். அது கோவிந்தம்மாவின் வாசலில் படுத்துக்கொண்டு காதை மட்டும் ஆட்டியது. மடியில் தலை வைத்தால் கோவிந்தம்மா எழுந்து போனாள். காலடியில் வந்து படுத்தால் காலை இழுத்துக்கொண்டாள். ஒரு நாள் அது கொட்டாங்குச்சியைக் கவ்விக்கொண்டு வந்து அவள் முன்னால் போட்டது. அவள் பார்க்கவில்லை. அது மூக்கால் தள்ளி இன்னும் கிட்டக் கொண்டுவந்து வைத்தது. அப்போதும் அவள் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அது கொட்டாங்குச்சியை அங்கேயே விட்டுவிட்டு நகர்ந்தது.

"பாவம்க்கா, பாக்க முடியல" என்றாள் அனிதா.

"சோத்த நீ வெய்யி" என்றாள் கோவிந்தம்மா.

பசி பெரிது. முதலில் ராத்திரிச் சோற்றுக்கு அனிதாவிடம் போனது. பிறகு அவளோடு கடைக்குப் போய் வந்தது. மழை பெய்த ஒரு விடியலில், யாரும் கூப்பிடாமல் அனிதாவின் வாசலுக்குப் போய்ச் சாக்கில் படுத்துக்கொண்டது. கோவிந்தம்மா கதவு இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் பாடுபட்டது இதற்குத்தான். அவள் உள்ளே போய், அடுப்பு பற்றவைக்காமல், வெகுநேரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

அவள் மீஞ்சூருக்குக் கிளம்பிய நாளில் அனிதா நண்டை ஏரிக்கரைப் பக்கம் அழைத்துப் போயிருந்தாள். டாக்டர் சொன்ன ஏற்பாடு அது. போகிறதை அது பார்க்கக்கூடாது. ஆட்டோ முருங்கை மரத்தைத் தாண்டும்போது கோவிந்தம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

முதல் வாரம் அனிதா போன் செய்தாள். "பூட்டின உன் வூட்டு வாசல்ல போய் நிக்குதுக்கா. அப்புறம் வந்துடுது. துன்னுது." ஒரு தடவை ஆசையாகப் போனை நண்டின் காதில் வைத்தாள். கோவிந்தம்மா, "நண்டு" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். அந்தப் பக்கம் எழுந்த சத்தத்தில் காசியம்மாள் போனைப் பிடுங்கி அணைத்துவிட்டாள். அதன்பிறகு கோவிந்தம்மா போனில் பேசுவதையே குறைத்துக்கொண்டாள். தன் குரல் அந்தத் தெருவுக்குப் போகக்கூடாது என்று நினைத்தாள்.

மீஞ்சூரில் அவளுக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. பேரன் பிறந்திருந்தான். அவனை வலது கையால் மட்டும் தூக்கலாம் என்றார்கள். அவள் தூக்கவே பயந்தாள். ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் குடிக்கலாம் என்று திவ்யா ஒரு டம்ளரில் அளந்து வைத்தாள். மாடி ஜன்னலில் அறுத்த கம்பிக்குப் பதில் புதுக் கம்பி பளபளவென்று இருந்தது. அதன் வழியாக ரயில் போவது தெரியும். கழுத்தளவு தண்ணீரில் இருந்தவளுக்கு அங்கே மூச்சு முட்டியது. 

பங்குனியில் ரேஷன் கார்டுக்குக் கைரேகை வைக்க வேண்டும் என்று தகவல் வந்தது. குப்பத்துக் கடையில்தான் வைக்க வேண்டும். லோகேஷுக்கு லீவு கிடைக்கவில்லை. அவள் தனியாகவே போனாள். தெருவுக்குள் போவதில்லை, கடையோடு திரும்பிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். அனிதாவுக்குக்கூடச் சொல்லவில்லை. சேற்றில் தேய்ந்த விரல்களை ரேகை மெஷின் ஏற்கவில்லை. கடைக்காரர் ஒவ்வொரு விரலாக வைக்கச் சொல்லி, துணியால் துடைத்து மறுபடியும் வைக்கச் சொன்னார். எப்போதும் ஏரியிலிருந்து அடிக்கிற காற்று அன்றைக்குக் கடையிலிருந்து குடிசைகள் பக்கம் அடித்து அவள் வாசனையைக் கொண்டுபோனதோ என்னவோ.

முழங்காலுக்குப் பின்னால் ஈரமாக ஏதோ பட்டது.

நண்டு குதிக்கவில்லை, கத்தவில்லை. அவள் கால்களுக்குப் பின்னால் தலையை அழுத்திக்கொண்டு நின்றது. அதன் உடம்பு முழுக்க நடுங்குவது அவள் எலும்பு வரைக்கும் வந்தது. கழுத்தில் மயிர் வளர்ந்திருந்தது. கொஞ்சம் சதை போட்டிருந்தது. அனிதா நன்றாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அவள் குனியவில்லை. கை விரலை மெஷினிலேயே வைத்திருந்தாள்.

அனிதா ஓடிவந்தாள். "அக்கா, இன்னாக்கா, சொல்லாம கொள்ளாம…" என்று ஆரம்பித்தவள் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். தன் துப்பட்டாவை நண்டின் கழுத்தில் போட்டுப் பிடித்தாள்.

"கெட்டியாப் புடி" என்றாள் கோவிந்தம்மா. "நான் போறேன்."

ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். ஆட்டோ நகர்ந்ததும் பின்னால் அனிதாவின் குரல் கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், "அம்மா, ஒரு நாயி வண்டி பின்னாலயே ஓடியாருது, உங்க நாயா?" என்று கேட்டாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்து வேகத்தைக் குறைத்தான்.

"நிறுத்தாத நைனா" என்றாள் கோவிந்தம்மா. "போ."

உப்பங்கழிப் பாலம் வரைக்கும் ஓடி வந்ததாகப் பிறகு சொன்னார்கள். அந்த இடுப்போடு அவ்வளவு தூரம்.

நண்டு அனிதா வீட்டுக்குத் திரும்பவில்லை. கோவிந்தம்மாவின் பூட்டிய கதவுக்கு முன்னால் போய்ப் படுத்துக்கொண்டது. ஊளை விடவில்லை, கதவைக் கடிக்கவும் இல்லை. அனிதா சோறு கொண்டுபோய் வைத்தாள். காசியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். வீரராகவன் வலையிலிருந்து நல்ல கெளுத்தி ஒன்றைப் பொறுக்கி, முள் எடுத்து, அதன் வாய்க்கு நேரே வைத்தார். டாக்டர் எலிசபெத் ஸ்கூட்டரில் வந்து தோலுக்கடியில் மருந்து ஏற்றிவிட்டுப் போனார். மறுநாளும் வந்தார். உடம்பில் நோய் ஒன்றும் இல்லை, தனக்கும் வேறு வழி தோன்றவில்லை என்று அனிதாவிடம் சொன்னார்.

கோவிந்தம்மாவுக்கு இதையெல்லாம் அனிதா கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். வரட்டுமா என்று கோவிந்தம்மா கேட்கவில்லை. வந்தால் அது எழுந்து தின்னும் என்று அவளுக்குத் தெரியும். திரும்பி வர வேண்டியிருக்கும் என்றும் தெரியும். அப்போது மறுபடியும் ஆட்டோ, மறுபடியும் பாலம். ஒரு நாள் லோகேஷ் அவனாகவே, "வேணும்னா போய் ரெண்டு நாள் இருந்துட்டு வாம்மா" என்றான். அவள் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்பதற்கா சரி என்பதற்கா என்று அவனுக்குப் புரியவில்லை.

அனிதாவின் கடைசி போன் வந்தபோது அவள் ஆஸ்பத்திரியில் மெஷினில் கிடந்தாள். இடது கையில் இரண்டு ஊசியும் குத்தியிருந்தன. திவ்யா போனைக் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா. நண்டு காலைல பூடுச்சுக்கா."

கோவிந்தம்மா ஊசி குத்திய கையைப் பார்த்தாள்.

"மேட்டுப் பக்கமா பொதைச்சோம். தண்ணி ஏறாத எடம். வீரராகவன் அண்ணன்தான் பள்ளம் வெட்டுச்சு. அக்கா, கேக்குதா?"

"கேக்குது."

"அது உன்ன மறந்துடும்னு நெனச்சேன்க்கா. நல்லாத்தான் இருந்துச்சு எங்கிட்ட."

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் கோவிந்தம்மா. "நான்தான் அன்னிக்கி வந்துட்டேன்."

திவ்யா போனை எடுத்துவிட்டு மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். "அத்தை" என்றாள்.  மெஷினில் ஏதோ விளக்கு எரிந்து மணி கூவியது. நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, "கையை ஆட்டாதீங்கம்மா, ஊசி நகருது" என்றாள்.

கோவிந்தம்மா கையை ஆட்டாமல் கிடந்தாள். இன்னும் பாதி ரத்தம்தான் சுத்தமாகியிருந்தது. மிச்சத்துக்கு நேரம் இருந்தது.